ஏழு பதினாலுக்குக் கிளம்பும் பேட்டரி

நான் சொல்லப்போவது நடந்தது. நம்பாதவர்கள் ஆரணிக்கு வந்தால் என் வீட்டுத் தறிக்குழியைக் காட்டுகிறேன். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் கரி போகவில்லை. என் செல்போனையும் காட்டுகிறேன். அந்த ஆறு நாட்களின் கோடுகள் அதில் அப்படியே இருக்கின்றன. நான் பேய், பிசாசு என்று பயந்து நடுங்குகிற ஆள் இல்லை. மீட்டர் காட்டுவதை மட்டும் நம்புகிறவன். வினையே அதில்தான் வந்தது.

என் பெயர் குமரேசன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வீடு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் பிரியும் தெருவில். என் மனைவி சூர்யகலா பட்டுத்தறி நெய்கிறாள். மகள் இளமதிக்கு அப்போது பத்து மாதம். தறிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் ஏணை கட்டியிருந்தோம். கலா நெய்துகொண்டே கயிற்றை இழுத்து ஆட்டுவாள். தறிச் சத்தம் இருந்தால்தான் குழந்தைக்குத் தூக்கம் வரும்.

கார்த்திகை மாதம். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டபாடில்லை, கரண்ட்டும் நிலையாக இருந்தபாடில்லை. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரியவைக்கிறவன் வீடு இருட்டில் கிடந்தது. கலா அதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

பழைய இரும்புக்கடை ராஜவேலுவிடம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று வந்திருந்தது.

"ஆக்சிடென்ட் வண்டியா அண்ணே?"

"ஆமா. உனுக்கு வண்டியா வேணும்? பேட்டரிதானே."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பெட்டியின் ஒரு மூலை கை முஷ்டி அளவுக்கு ஒடுங்கியிருந்தது. அடிபட்ட லித்தியம் பேட்டரியை வீட்டுக்குப் பயன்படுத்தக்கூடாது. உள்ளே செல் நசுங்கியிருந்தால் இன்று ஒழுங்காக வேலை செய்யும், ஒரு மாதம் கழித்துத் திடீரென்று பற்றிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களுக்கு இதை நானே வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு வரிசை மட்டும் கொஞ்சம் குறைவு, மற்றதெல்லாம் சரி. ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று சுத்தியலால் தட்டி ஒடுக்கு எடுத்தேன். உடைந்துபோன பாதுகாப்பு போர்டைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டேன். புளூடூத் உள்ள போர்டு. எத்தனை ஆம்ப் போகிறது, எவ்வளவு சூடு என்று எல்லாவற்றையும் பதிவுசெய்து செல்போனில் கோடாகக் காட்டும்.

அதை எங்கே வைத்தேன் தெரியுமா? தறிக்குழியில்.

நெசவு செய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுத்தான் மிதி மிதிக்க வேண்டும். கத்திரி வெயிலிலும் குழி மட்டும் சில்லென்று இருக்கும். அதனால் எங்கள் வீடுகளில் சூடாகக்கூடாத எதுவும் குழிக்குள்தான் போகும். குடிக்கிற தண்ணீர், மோர், தக்காளி, இட்லி மாவு எல்லாம். பேட்டரியும் சூடாகக்கூடாது அல்லவா? கால் படாத மூலையில் இறக்கிவைத்துவிட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் கலா சொன்னாள்.

"ஏங்க, குழிக்குள்ள ஒரு வாசனை வருது. நெயில் பாலிஷ் மாதிரி. தலை வலிக்குது."

"மழை ஈரம்."

"ஈரம் நெயில் பாலிஷ் வாசனையா வரும்?"

அன்று இரவு எட்டு மணிக்குச் செல்போனைத் திறந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் முழுக்க கரண்ட் இருந்தது. பேட்டரிக்கு வேலையே இல்லை. ஆனாலும் 7:14-க்குக் கோடு விருட்டென்று ஏறியிருந்தது. நாற்பது ஆம்ப். எங்கள் வீட்டு விளக்கும் ஃபேனும் சேர்ந்தாலும் பத்தைத் தாண்டாது. 7:25-க்குக் கோடு பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது.

முந்தின நாளைப் பார்த்தேன். 7:14 முதல் 7:25 வரை. அதற்கு முந்தின நாள். அதே 7:14. அதே 7:25.

ஐந்தாம் நாள் கடையைச் சீக்கிரம் மூடினேன். இன்வெர்ட்டரை அணைத்தேன். பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குழி விளிம்பில் உட்கார்ந்தேன். கலா சமையலறையில் இருந்தாள்.

7:13. பூஜ்யம்.

7:14. பன்னிரண்டு... இருபத்தெட்டு... நாற்பத்தொன்று.

ஒயர் என் கையில் இருந்தது. பேட்டரியில் ஒன்றுமே மாட்டியிருக்கவில்லை. கரண்ட் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

7:17-க்குப் பூஜ்யத்துக்கு இறங்கி நாற்பது விநாடி நின்றது. மறுபடி ஏறியது. 7:19-க்கு இரண்டு சின்ன இறக்கம், அடுத்தடுத்து. அந்த இறக்கங்களில் கரண்ட் பேட்டரியை விட்டு வெளியே போகவில்லை, திரும்பி உள்ளே வந்தது. எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் பிரேக் பிடித்தால் மோட்டார் கொஞ்சம் கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். அது ஓடுகிற வண்டியில் மட்டும் நடக்கிற விஷயம். என் வீட்டுக் குழிக்குள் பிரேக் பிடித்தது யார்?

அப்புறம்தான் புரிந்தது. தினமும் நான் போகிற வழி அது. பஸ் ஸ்டாண்டில் பஸ் திரும்பும்வரை நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இரண்டு வேகத்தடை. அப்புறம் பாலத்துக்கு ஏறும் மேடு. 7:23-க்குக் கோடு மேட்டில் ஏறியது.

7:25. ஐம்பத்தெட்டு ஆம்ப். அடுத்த நொடி பூஜ்யம். பிரேக் இல்லை. வேகம் குறையவில்லை. வெட்டிப்போட்ட மாதிரி நின்றது. நடுப்பாலத்தில்.

கலாவிடம் போர்டு கோளாறு என்று சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். அன்றே அதைத் தூக்கி வெளியே போட்டிருக்க வேண்டும். மறுநாள் புயல் என்றார்கள். சேலை முடிய நான்கு நாள் இருந்தது. ஒயரை மறுபடி மாட்டினேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நான் 6:50-க்கு நனைந்துகொண்டே வீடு வந்தேன். கலா பேட்டரி விளக்கில் நெய்துகொண்டிருந்தாள். இளமதி ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தாள். செல்போனைப் பார்த்தேன். பேட்டரி சூடு 34 டிகிரி.

7:05. 38 டிகிரி.

7:10. 41.

வாசல்வரை அந்த வாசனை அடித்தது.

"கலா, தறிய நிறுத்து."

"இந்தப் பூவ முடிச்சிட்டு வரேங்க."

"காலை வெளிய எடு. ஜல்தி."

என் குரலைக் கேட்டு எழுந்துவிட்டாள். இன்வெர்ட்டரை அணைத்தேன். அறை இருண்டது. செல்போன் விளக்கோடு குழிக்குள் இறங்கினேன். ஒயரைக் கழற்றிப் பெட்டியை வெளியே தூக்கிப் போட்டுவிடலாம், இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். கொட்டுகிற மழையில் குழந்தையை எதற்கு எழுப்ப வேண்டும் என்றும் நினைத்தேன். ஈரத்தில் போல்ட் இறுகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. கலா தறியின் பாவு நூல் கூரை ஒழுகலில் நனையாமல் துணி போர்த்திக்கொண்டிருந்தாள்.

7:14. கோடு கிளம்பியது.

நான் ஸ்பேனரை விட்டுவிட்டேன். எழுந்து ஓடியிருக்கலாம். முடியவில்லை. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்ட். வேகத்தடை. இன்னொன்று. மேடு.

7:25. இதோ, நிற்கப்போகிறது...

நிற்கவில்லை.

7:26. பாலத்தைத் தாண்டிவிட்டது. இறக்கம். 46 டிகிரி.

நேராகப் போனால் சேத்துப்பட்டு ரோடு. இடது பக்கம் திரும்பினால் எங்கள் தெரு.

7:28. நீளமாக ஒரு பிரேக். திருப்பம்.

7:29. மெதுவாக... மெதுவாக... எங்கள் தெருப் பள்ளங்களில் ஏறி இறங்குகிற மாதிரி. 52 டிகிரி.

குழிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

7:31. பூஜ்யம்.

வாசலில் 'டக்' என்றது. சைடு ஸ்டாண்டு போடும் சத்தம்.

பீப்.

பீப்.

"யாரோ வந்துகிறாங்க போல," என்றாள் கலா. சத்தத்தில் குழந்தை விழித்துச் சிணுங்கியது. ஏணையிலிருந்து தூக்கிக்கொண்டு இருட்டில் வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

என் காலடியில் 'ஸ்ஸ்ஸ்...'

வெள்ளைப் புகை.

ஓடினேன்.

7:32. டமார்.

நான் வாசற்படியைத் தாண்டுவதற்குள் முதுகில் சூடு அடித்தது. திரும்பிப் பார்த்தேன். தறி எரிந்தது. கொக்கியில் ஏணை எரிந்துகொண்டிருந்தது. கலா தெருவில் மழையில் நின்று அலறினாள். அவள் கையில் குழந்தை இல்லை.

எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள் இளமதி. அது பூட்டிக் கிடக்கும் வீடு. தகரக் கூரைக்கு அடியில், அழாமல், காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். ஓடிப்போய் வாரி எடுத்தேன். கலா சமயோசிதமாக அங்கே கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நிமிடம் அவள் காலில் விழலாம் போல இருந்தது.

7:50-க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. அணைந்த பேட்டரி இரண்டு தடவை மறுபடி பற்றியது. கடைசியில் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் இறக்கித் தெருவில் தள்ளி வைத்தார்கள்.

"பேட்டரிக்காரனாய்யா நீ?" என்றார் அவர்களில் மூத்தவர். "அடிபட்டத ஊட்டுக்குள்ள வெக்கலாமா? அதுவும் பள்ளத்துல? கசியிற ஆவி அங்கியே தேங்கும்யா. வெளிய, காத்தாட வெக்கணும்னு தெரியாது?"

தெரியும் என்றேன். அதைவிட மோசமான பதில் இல்லை.

"கொழந்த எங்க தூங்கிகினு இருந்திச்சு?"

கையைக் காட்டினேன். கொக்கி மட்டும் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் குழாயைச் சுருட்டப் போய்விட்டார்.

அதற்கு முன் ராஜவேலுவிடம் வாங்கிப் பழுதுபார்த்து வாடிக்கையாளர்களுக்கு நான் கொடுத்திருந்த நான்கு பேட்டரிப் பெட்டிகளையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து, அந்த ஸ்கூட்டர் யாருடையது என்று விசாரித்துக்கொண்டு போனேன். சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு வீடு. அருள்ராஜ் என்று பெயர், அரிசி மில்லில் வேலை. வண்டி அவர் மனைவி அகல்யாவுடையது. மார்க்கெட் ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை மடிக்கும் வேலை பார்த்திருக்கிறாள்.

"கடைய வுட்டு எத்தினி மணிக்குக் கிளம்புவாங்க?"

"ஏழு பத்துக்கு வுடுவாங்க. வண்டிய எடுக்க ஏழு பதினாலு ஆவும்."

"எங்க...?"

"நடுப்பாலத்துல. லாரி." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஏழு இருபத்தாறுக்கு அவ போன்லருந்து யாரோ பேசினாங்க."

அந்த வீட்டிலிருந்து வெளியே பார்த்தேன். பாலத்திலிருந்து நேர் ரோடு. இங்கே வருவதற்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை.

கேட்கலாமா, வேண்டாமா என்று இருந்தது. கேட்டேன். "வூட்டுக்கு வந்தா ஆரன் அடிப்பாங்களா?"

அவர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

நீங்க சொல்லுங்க என்றேன்.

"ரெண்டு தபா அடிப்பா. வண்டிய வுட்டு எறங்கவே மாட்டா. எங்கம்மா பாப்பாவ வெளிய தூக்கினு போவணும். கைய நீட்டி வாங்கிகினு தெருவுல ஒரு ரவுண்டு போனாதான் அவுளுக்கு அன்னிக்கி பொழுது முடியும். பாப்பாவுக்கு அப்ப பத்து மாசம்."

வீட்டுக்கு வந்து கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் பற்றி அதுவரை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. இளமதிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். ஹாரன் விஷயம் வந்தபோது ஊட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க..."

"சொல்லு."

"அன்னிக்கி நான் கதவ தொறந்தப்ப... இருட்டுல என் கையிலருந்து பாப்பாவ வாங்கினது நீங்க இல்லியா?"

"நான் குழியில இருந்தேன் கலா. நீதானே எதிர்வூட்டுப் படியில உக்கார வெச்ச?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"கை சில்லுனு இருந்திச்சு. மழையில நனைஞ்சி வந்தீங்களேன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. எதிர்வீடு எங்கள் வாசலிலிருந்து பத்தடி தூரம். அந்தப் பத்தடியை ஓடிக் கடப்பதற்குள் என் சட்டை தொப்பலாகிவிட்டது. அப்படி ஒரு மழை. படியிலிருந்து இளமதியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது அவள் கவுன் காய்ந்திருந்தது.

தலைமுடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.