கிழித்த தாளைப் படித்தவர்

செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. குழுவின் பெயர் 'தோள் முட்டி இடுப்பு'. சிவகாசியில் ஜெபமலர் டாக்டரம்மாவிடம் பிசியோதெரபிக்குப் போய் எழுந்து நடமாடுகிற நாற்பது ஐம்பது பேர் அதில் இருக்கிறோம். யாராவது தாங்கள் பயிற்சி செய்யும் வீடியோவைப் போடுவார்கள், நான் கேலி பண்ணுவேன், டாக்டரம்மா என்னைத் திட்டுவார். அன்று காலையில் நான் திருத்தங்கல் அச்சகத்தில் காலண்டர் அட்டையில் தேதித்தாள் கட்டைப் பிடித்து நிறுத்தும் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்துப் பார்த்தால், "நமது ஜெபமலர் டாக்டர் இன்று விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று அவர் தம்பி போட்டிருந்தார். மாரடைப்பாம். ஐம்பத்திரண்டு வயது. என்னைவிட மூன்று வயது சின்னவர்.

அதற்குக் கீழே முதல் ஆளாக ஆனைக்குட்டம் வேல்ச்சாமி அண்ணாச்சி கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டிருந்தார். எந்தச் செய்தி வந்தாலும், பார்த்துவிட்டேன் என்பதற்கு அவர் அதைத்தான் போடுவார். பதற்றத்தில் இதற்கும் போட்டுவிட்டார். யாரும் கோபிக்கவில்லை. பட்டாசு ஆலை விபத்தில் கை வெந்து, விரல்களெல்லாம் உள்ளங்கையோடு மடங்கிப்போன மனிதர் அவர். அந்தக் கட்டைவிரலை ஆறு மாதம் போராடி நிமிர்த்திக் கொடுத்ததே டாக்டரம்மாதான்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாக அச்சகத்தில் இருந்தாலும் நான் அடிப்பது தகரம்தான், எழுத்து இல்லை. படித்தது அஞ்சாம் வகுப்பு.

டாக்டரம்மா ஆளைப் பார்த்தே தொழிலைச் சொல்வார். ஒரு நாள் ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். "தரையில உக்காந்து பட்டாசுக் குழாய் உருட்டுறீகளோ? இடது காலத்தான மடக்கிக்கிறீக?" என்றார், அவள் உள்ளே வருமுன்பே. அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "குறியும் சொல்லுவாக, தட்டுல வெத்தல பாக்கு வையி" என்றேன் நான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தானும் தரையில் உட்கார்ந்து, இடது காலை மடக்கி, அவளைப் போலவே கால் மணி நேரம் வெறுங்கையால் குழாய் உருட்டிப் பார்த்தார். எழும்போது அவருக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. "இப்பத் தெரிஞ்சிருச்சு எந்தச் சதைன்னு" என்றார். வெத்தலை பாக்குப் பேச்சை நான் அதோடு விட்டேன்.

நான் அவரிடம் போனது வலது தோளுக்காக. மூட்டு இறுகி, கை இடுப்புக்கு மேலே ஏறவில்லை. காலண்டர் சீசன் தொடங்குவதற்குள் கை சரியாகாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். டாக்டரம்மா எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "என்ன செய்ய முடியல, அதச் சொல்லுங்க" என்றார்.

"தகரம் அடிக்க முடியல."

"அது கம்பெனிக்கு. உங்களுக்கு என்ன முடியல?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "சடை பின்ன முடியல" என்றேன். எங்கள் வீட்டுக்காரர்தான் ஒரு மாதமாகப் பின்னிவிட்டார். நல்ல மனிதர், ஆனால் லோடு கட்டுகிறவர். பண்டல் கட்டுவதைப் போல இழுத்து முடிச்சுப் போட்டுவிடுவார். இதை வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அழுதுவிட்டேன். டாக்டரம்மா என் சிகிச்சை அட்டையில் எழுதினார். பிறகு பார்த்தேன், தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. 'சடை' என்று மட்டும் இருந்தது.

நம் ஊரில் எல்லாரும் அங்கே போவது கரண்டு வைக்கத்தானே? நானும் அப்படித்தான். தோளில் பட்டைகளை ஒட்டி மெஷினைப் போட்டுவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போனார். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். "ஆகா, வலி இறங்குது டாக்டரம்மா, அப்படியே விரல் நுனி வழியா இறங்குது" என்றேன். "கரண்டு போயி பத்து நிமிசம் ஆச்சு. ஃபேன் நின்னதுகூடத் தெரியலயா?" என்றார். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "மெஷின் வலியக் கொஞ்சம் அமத்தும், அம்புட்டுதான். கையத் தூக்க வேண்டியது நீங்க."

தூக்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் காலண்டர். வீட்டுச் சுவரில் கை எட்டும் உயரத்தில் தேதி கிழிக்கும் காலண்டரை மாட்ட வேண்டும். தினமும் வலியுள்ள கையாலேயே தாளைக் கிழிக்க வேண்டும். வாரம் ஒரு முறை ஆணியை ஒரு விரற்கடை ஏற்ற வேண்டும். சனிக்கிழமைதோறும் காலண்டரை அவரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

நான் மாட்டேன் என்றேன். எங்கள் காலண்டரில் இருப்பது முருகன். என் கை எட்டுவது அடுப்பு மேடை உயரம். சாமியை இடுப்புக்குக் கீழே மாட்டுவதா? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர் அவர், இதெல்லாம் மூடநம்பிக்கை என்பார் என்று நினைத்தேன். "ஆமா, அது தப்பு" என்றார் உடனே. "முருகன் அவர் ஆணியிலயே இருக்கட்டும். நீங்க ஒரு பூனைப் படத்த அடிச்சு மாட்டுங்க. பூனை ஏறி முருகன்கிட்ட போகட்டும்." மறுநாளே அச்சகத்தில் கழிவாகக் கிடந்த ஒரு பூனை அட்டையை எடுத்துத் தாள் கட்டு வைத்துத் தகரம் அடித்தேன், இடது கையால்.

மூன்று வாரம் பூனை ஒழுங்காக ஏறியது. நாலாவது வாரம் சூப்பர்வைசர் கை சரியாயிற்றா என்று மறுபடியும் கேட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆணியை ஒரேயடியாக நாலு விரற்கடை ஏற்றினேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தேன். நாலாம் நாள் முடியவில்லை. இடது கையால் கிழித்துவிட்டு, சனிக்கிழமை ஒன்றும் தெரியாதவளைப் போல அக்குளில் காலண்டரோடு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகரத்தின் கீழ் மிஞ்சியிருந்த துணுக்குகளை விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஞாயிறு, திங்கள், செவ்வாய் வலது கை. புதன்லருந்து இடது கை" என்றார்.

"நீங்க புதன்கிழமை எங்க வீட்டுக்கு வந்தீகளாக்கும்?"

"வலது கையால கிழிச்சா மிச்சம் இடப்பக்கம் நிக்கும். இங்கன பாருங்க, புதன்லருந்து வலப்பக்கம் நிக்குது. முப்பது வருசமா இதே தாளுக்குத் தகரம் அடிக்கீக, இது தெரியாதா?"

தெரியாது. ஆயிரக்கணக்கில் காலண்டர் அடித்தவள் நான். கிழித்த தாளை ஒரு நாளும் பார்த்ததில்லை. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன். "ஏ மாரி, புதன்கிழமை என்ன ஆச்சு?" என்றார் மெதுவாக. சொன்னேன்.

"ஆணிய இறக்குங்க."

"இறக்கணுமா? இம்புட்டு ஏத்திட்டு இறக்குனா வீட்டுல எல்லாரும் சிரிப்பாக, டாக்டரம்மா."

"சிரிக்கட்டும். கீழ இருந்தாலும் தேதி அதே தேதிதான்."

இறக்கினேன். ஒவ்வொரு விரற்கடையாக மறுபடி ஏற்றினேன். சூப்பர்வைசரிடம் அவரே போனில் பேசி, என்னைக் கொஞ்ச நாள் எண்ணி அடுக்கும் வேலையில் உட்காரவைக்கச் சொன்னார். என்ன சொன்னார் என்று தெரியாது. அந்த மனிதர் அதற்குப் பிறகு என் கையைப் பற்றிப் பேசவே இல்லை. சீசன் பாதியில் பூனை முருகன் பக்கத்தில் போய் நின்றது. நான் தகரத்துக்குத் திரும்பினேன்.

கடைசிச் சனிக்கிழமை போனபோது டாக்டரம்மா காலண்டரைக் கேட்கவில்லை. என் பழைய சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தார். "சடைய அவுத்துவிடுங்க" என்றார். சடையை அவிழ்த்தேன். அவர் என் பின்னால் நின்றார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்று பிரியாக வகிர்ந்து பின்ன ஆரம்பித்தேன். தோள் நடுங்கியது. பாதியில் ஒரு பிரி நழுவியது. அவர் பிடித்துத் தருவார் என்று காத்திருந்தேன், தொடவே இல்லை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவருக்கு அவசரமே இல்லை. நான் நழுவிய பிரியைத் தேடி எடுத்து, கடைசி முடிச்சுவரை போட்டு முடித்தேன்.

"எப்படி இருக்கு டாக்டரம்மா?"

"கோணலாத்தான் இருக்கு. இருக்கட்டும், உங்க கோணல்" என்றவர், அட்டையில் 'சடை' என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டார். "இனி வராதீக" என்றார். குழுவில் கேலி பண்ண மட்டும் வரலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அடக்கத்துக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து நின்றார். "சடை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்குதே. பெரிய கூட்டம் வரும். நான் பின்னிவிடட்டா?" என்றார்.

"தொட்டீகன்னா இருக்கு உங்களுக்கு" என்றேன்.

அப்படியேதான் போனேன். இன்றைக்கும் அப்படியேதான் பின்னிக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறேன். டாக்டரம்மா கொடுத்ததில் என்னிடம் இருப்பது இந்தக் கோணல். இதை யாரையும் நிமிர்த்த விடமாட்டேன்.