தெரியாது என்றவரின் கொம்பியூட்டர்

என் கணவர் கட்டாருக்குப் போன பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை கண்டி டவுனில் ஒரு இன்டர்நெட் கடையின் பலகைத் தடுப்புக்குள் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரே ஒரு ஹெட்ஃபோன்தான் தருவார்கள். அதை அவள் மாட்டிக்கொண்டால் அவர் பேசுவது எனக்குக் கேட்காது. நான் மாட்டிக்கொண்டால் அவள் அழுவாள். பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அடுத்தவர் கதவைத் தட்டுவார். தமிழில் சற்றுச் சத்தமாகப் பேசிவிட்டால் கடைக்குள் இருக்கிற தலைகள் எல்லாம் திரும்பும்.

அப்படிப்பட்ட காலம் அது. வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால், மறுநாள் காலை கண்டி பஸ்ஸில் நாங்கள் வாயை மூடிக்கொண்டு போவோம். புருஷனிடம் பெண்டாட்டி பேசுகிற பேச்சில் ஒன்றைக்கூட அந்தப் பெட்டிக்குள் இருந்து நான் பேசியதில்லை. சாப்பிட்டீங்களா, காய்ச்சல் விட்டுருச்சா, அவ்வளவுதான்.

அதனால்தான் வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புதிது வாங்க வசதியில்லை. எங்கள் ஒபிஸில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சேர், தன்னுடைய பழைய கொம்பியூட்டரை விற்கப் போவதாகச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பிள்ளைகளோடு பேராதனைப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார். நான் கண்டி மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள், அதே ஒபிஸில் கிளார்க். அங்கே தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து மதியம் சாப்பிட்டதில்லை. நான் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வழியில் வந்தவள் என்பது அவருக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது. எனக்கும் இருந்தது.

"நல்ல மெஷின் தங்கச்சி" என்றார். "பிள்ளையள் புதுசு கேக்கினம், அதுதான் குடுக்கிறன். வெளியாக்களுக்குக் குடுக்கிறதிலும் உங்களுக்குக் குடுத்தா நல்லதுதானே."

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் முஸ்லிம் தம்பியைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி தேநீர் கொடுத்தார். சேர் தன் வீட்டு இணைப்பை அதில் மாட்டி, ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. தன்னுடையது எதுவும் அதில் மிஞ்சக் கூடாது என்று முழுவதையும் அழித்து, வெறும் மெஷினாகத்தான் வைத்திருந்தார். துண்டு, ரசீது என்று நான் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒபிஸில் வேலை செய்கிறவரிடம் யார் அதையெல்லாம் கேட்பார்கள்?

மொனிட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவின் சீட்டில் வைத்தோம். பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன். டவுனுக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் எட்டிப் பார்த்தான். வயர் தொங்கும் இரும்புப் பெட்டி, அதைக் கட்டிப் பிடித்தபடி பொட்டு வைத்த ஒரு பெண். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன், அதில் இருந்த தமிழ் எழுத்தைக் கண்டதும் இன்னொருவனைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் நாங்கள் பொலிஸ் நிலையத்தில் இருந்தோம்.

அங்கே ஒரு இளம் பொலிஸ்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பத்திரிகைத் தாளில் பரப்பினார். சிலதைத் திருகாணியைக் கழற்றாமலே இழுத்தார். மீனின் வயிற்றைக் கீறுவதுபோல இருந்தது எனக்கு. யாருடையது என்று கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னேன். எனக்குப் பயமே இருக்கவில்லை. ஒரு போன் எடுத்தால் முடிந்துவிடப் போகிற காரியம் என்று நினைத்தேன். சேரின் நம்பரை நானே சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மேசைப் போனில் நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். சேர் எடுத்தார். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டார். சேரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அவருடைய சிங்களம் மிகவும் திருத்தமானது. எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை.

"அவர் எங்கள் ஒபிஸில் வேலை செய்கிறவர்தான். ஆனால் இந்தக் கொம்பியூட்டரைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் ஒன்றும் விற்கவில்லை."

போனை வைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அதுவரை மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் நங்கி பொய் சொல்கிறாய்? இதை உன்னிடம் தந்தது யார்?" என்றார். சிங்களத்தில் நங்கி என்றாலும் தங்கச்சிதான். நான் மறுபடியும் அதையே சொன்னேன். என் வாயிலிருந்து வந்த உண்மை எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. ஆட்டோக்காரத் தம்பி முன்னுக்கு வந்து, "சேர், நான்தான் அந்த ஐயா வீட்டு கேட்டில வச்சி இத ஏத்தினேன். வாங்க, வீட்டக் காட்டுறேன்" என்று சிங்களத்தில் சொல்லப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர், உன்னிடம் யார் கேட்டது என்று அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் சுவரோரம் போய் நின்றுகொண்டான். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை.

ஒரு பெண் பொலிஸ் என்னைப் பின் அறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். எப்படிச் சோதித்தார் என்பதை எழுதப் போவதில்லை. பிறகு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். புருஷன் எங்கே, கட்டாரில் என்ன வேலை, காசு எப்படி அனுப்புகிறான், சண்டை நடக்கிற வன்னியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வன்னியை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று சொன்னேன். ஒருவரும் நம்பின மாதிரித் தெரியவில்லை. பின்னேரம் வேறொரு பெரியவர் வந்தார். பாகங்களைத் திரும்பப் பெட்டிக்குள் பூட்டச் சொல்லி, கரண்டில் போட்டுப் பார்த்தார். வெறும் நீலத் திரை, ஒரு ஃபைலும் இல்லை. ஒபிஸில் எங்கள் தலைமைக் கிளார்க்கை வீட்டு நம்பரில் பிடித்து நான் யார் என்று விசாரித்தார். பிறகு, "கொண்டு போ. இனிமேல் துண்டில்லாமல் ஒரு சாமானும் வாங்காதே" என்றார். அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல புத்தி அது.

அடுத்த வாரம் டெலிபோன் கம்பனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன. கொம்பியூட்டரோடு சேர்கிற இடத்துக்கு உரிய விளக்கு மட்டும் எரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார், தன் மகன் படிக்கிற இடத்தில் கேட்டு வேறு கேபிள் வாங்கித் தந்தார். அதிலும் எரியவில்லை. திரையில் நெட்வேர்க் காட் என்ற பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குறி நின்றது. சேர் கொடுத்த சீடியைப் போட்டு ட்ரைவரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். குறி போகவில்லை. ஒபிஸில் ஒருமுறை பார்த்த ஞாபகத்தில் பெட்டியைத் திறந்து, அந்தக் காட்டை இழுத்து, அதன் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். அது ஒரு பக்கம் சரிந்தே நின்றது. அதைப் பிடித்திருக்க வேண்டிய திருகாணி இல்லை. பொலிஸ் நிலையத்துத் தாளிலேயே தங்கிவிட்டது போல.

டவுனில் கொம்பியூட்டர் கடையில் கேட்டேன். பெட்டியைக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஆட்டோக்காரத் தம்பியிடம் போனேன். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "கோவிக்க வாணாம் அக்கா. ஊட்டுல உம்மா அழுறா. அந்தப் பெட்டிய இனி ஏத்த ஏலாது" என்றான். கன்னத்தில் அடையாளம் மறைந்திருந்தது. நான் கோபிக்கவில்லை. எனக்குமே அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருமுறை அந்த ரோட்டில் போகத் தைரியம் இல்லை.

ஒபிஸில் சேர் என்னைக் கண்டால் ஃபைலுக்குள் குனிவார். நானும் பேசவில்லை. தலைமைக் கிளார்க்தான் ஒருநாள் எல்லோருக்கும் கேட்க, "அந்த மெஷின் இப்போது வேலை செய்கிறதா?" என்று கேட்டார். நெட்வேர்க் மட்டும் இல்லை என்றேன். அன்று மாலை படிக்கட்டில் சேர் என் பின்னால் வந்தார்.

"தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாக்கிறன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மகள் தினமும் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அப்பா எப்ப வருவாரு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சரி சேர் என்றேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மஹய்யாவயில் எங்கள் வரிசை வீடுகளின் சந்துக்குள், சப்பாத்தில் தண்ணீர் படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. நேரே மேசைக்கடியில் போய், தரையில் முழங்காலை ஊன்றிப் பெட்டியைத் திறந்தார்.

"காட்டை வளைச்சுப் போட்டாங்கள். பல்லு ரெண்டு எரிஞ்சு போச்சு. இது இனிச் சரிவராது" என்றார். சட்டைப் பையிலிருந்து புதுக் காட் ஒன்றை எடுத்தார். வரும்போதே வாங்கி வந்திருக்கிறார். போய்விட்டது எது என்று பார்க்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் நின்ற இடத்திலிருந்து அவருடைய முதுகும், வியர்த்த பிடரியும்தான் தெரிந்தன. முகம் தெரியாததால்தான் கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அன்னைக்கு ஏன் சேர் தெரியாதுன்னு சொன்னீங்க?"

கை நின்றது.

"பொலிஸ் எண்டு சொன்ன உடன கை கால் எல்லாம் விறைச்சுப் போச்சு" என்றார், திரும்பாமல். பிறகு சொன்னார்: "தங்கச்சி, யோசிச்சுப் பாருங்கோ. நீங்கள் இஞ்சயே பிறந்த ஆள். உங்களை எப்பிடியும் விட்டிடுவாங்கள். என்ர அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. என்னைக் கொண்டு போனா நான் திரும்ப வரமாட்டன். எனக்கும் மனுசி பிள்ளையள் இருக்கு."

"எங்கள விட்டுருவாங்கன்னு உங்களுக்கு யாரு சேர் சொன்னது?" என்றேன். "கலவரத்துல தெல்தோட்டைத் தோட்டத்துல எங்க லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சப்ப, எங்கம்மா என்ன வயித்துல வச்சிக்கிட்டு தேயிலைச் செடிக்குள்ள படுத்துக் கிடந்தாங்க. அதுக்கப்புறம்தான் இங்க வந்தோம். அப்ப எங்க அப்பாவுக்குப் பிரஜாவுரிமைகூட இல்ல. நாங்க ஒருத்தருக்கும் எதுவும் செய்யல. யாரும் எங்கள விட்டுடல."

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

இந்தத் தடவை அவர் சொன்னது உண்மை. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரே ஒபிஸில், ஒரே கூரையின் கீழ், அத்தனை வருஷம் தங்கச்சி என்று கூப்பிட்டவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. போனில் சொன்ன பொய்யைவிட இந்த உண்மைதான் எனக்கு அதிகமாக எரிந்தது.

புதுக் காட்டை வேறொரு இடத்தில் சொருகி, திருகாணி போட்டு இறுக்கினார். சீடியைப் போட்டார். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். "இனிப் பிரச்சினை வராது" என்றார். காட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நாத்தனார் கொண்டு வந்து வைத்த தேநீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தை வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு என் கணவர் திரையில் வந்தார். முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. மகள் திரையைத் தடவினாள். யாரு சரிபண்ணிக் கொடுத்தது என்று அவர் கேட்டார். ஒபிஸ் சேர் என்றேன். "நல்ல மனுஷன். அவர ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடு" என்றார். அவ்வளவு தூரத்தில் இருக்கிறவரிடம் பொலிஸ் நிலையத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? யாரும் கேட்க முடியாத என் சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டும், சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டேன்.

சேர் சண்டை முடிவதற்கு முன்பே குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார். ஒபிஸில் கேக் வெட்டினார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம் என்று அவர் பேசினார். கடைசியில் என் மேசைக்கு வந்து, "போட்டு வாறன் தங்கச்சி" என்றார். தலையை ஆட்டினேன்.

என் கணவர் திரும்பி வந்து வெகுநாள் கழித்துத்தான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பின் அறையில் நடந்ததையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். முகம் கறுத்துவிட்டது. "பாவம், அந்தச் சேரும்தான் என்ன செய்வாரு, பயந்திருப்பாரு" என்றார்.

பாவம் என்ற அந்தச் சொல்லை அவர் முதலில் எனக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் சோறு போடவில்லை. அவரே எழுந்து போய்ப் போட்டுச் சாப்பிட்டார்.