வெள்ளை நூல் போட்ட பைகள்

என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே ஆறு மிஷின்கள். பார்த்த மாத்திரத்தில் இடுப்பளவு சொல்லிவிடுவாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்குவது சும்மா ஒரு மரியாதைக்கு.

மார்பகப் புற்றுநோய் பற்றியும், அவரவர் கையாலேயே சோதித்துக்கொள்வது பற்றியும் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு நர்ஸ் வருவதாக இருந்தது. தொட்டுப் பழகப் பள்ளியில் இருந்த ரப்பர் மார்பக மாதிரியோ கிழிந்து கிடந்தது. "நான் தைச்சுத் தர்றேன். இது என்ன பிரம்ம வித்தையா?" என்றாள் அக்கா. மார்பு வடிவில், பஞ்சு அடைத்த பத்துத் துணிப்பைகள். ஆறில் கட்டி மாதிரி தட்டுப்படப் பஞ்சுக்குள் ஒரு பாசிமணியை ஒளித்து, ஓரத்தில் சிவப்பு நூல் போட்டாள். நாலில் மணி இல்லை, வெள்ளை நூல். கட்டி இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்றும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமே.

வகுப்பில் பாதி நேரம் சிரிப்பிலேயே போனது.

"டீச்சர், இது தலகாணியா?"

"உன் மண்டைக்கு இது பத்தாதுடி."

மூன்று விரல்களைச் சேர்த்து வட்டமாக அழுத்தும் விதத்தை நர்ஸ் காட்டியதும்தான் அறை அடங்கியது. 'ரேடியோ' என்று பேரெடுத்த வாயாடி ஒருத்தி வெள்ளை நூல் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"சிஸ்டர், இதுல இருக்கு. அக்குள் பக்கமா."

"அது வெறும் பஞ்சுடி," என்றாள் அக்கா.

"சத்தியமா இருக்கு டீச்சர்!"

நர்ஸ் நாலு வெள்ளைப் பைகளையும் வாங்கி அழுத்திப் பார்த்தாள். நாலிலும் அதே இடம். ஒன்றைப் பிரித்தாள். மணி இல்லை. பஞ்சை உருட்டி, நூலால் இறுகக் கட்டி வைத்திருந்தது.

"இத ஏன் வச்சீங்க?"

"அளவு இல்லாம நான் எதையும் தைக்க மாட்டேன் சிஸ்டர்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "என்னையேதான் அளவா வச்சுக்கிட்டேன். இடது பக்கம். தொட்டுப் பாத்துப் பாத்து அதே மாதிரி அடைச்சேன்."

"உங்களுக்கு அங்க இப்படி இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்கறதுதானே?"

அக்கா பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

"வலிக்கவே இல்லையே சிஸ்டர்," என்றாள்.

அன்று மதியமே நர்ஸ் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய்தான். அக்குளுக்குப் பரவவில்லை.

கடல் தாண்டி இருக்கும் நான் போனில் ஆபரேஷன் தேதியைக் கேட்டேன். அவளோ பைகளைப் பற்றியே பேசினாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த நாலுக்கும் வெள்ளை நூலப் பிரிச்சுட்டு சிவப்புப் போடணும்."

"அக்கா, இப்ப அதுவா முக்கியம்?"

"பின்ன? அடுத்த வகுப்புப் பிள்ளைங்க அதத் தொட்டுப் பாத்து, இதுதான் நல்லா இருக்கறதுன்னு கத்துக்கிட்டுப் போயிட்டா?"

அவள் ஊசி டப்பாவை மூடி வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"காலைலேர்ந்து முயற்சி பண்றேன்டி. ஊசில நூல் கோக்கவே முடியல."