கடைமடை இணையம்

நான் அலுவலகத்தில் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கைபேசியோடு பேசுவதைக் கொஞ்ச நாளாகக் கவனித்துவந்த பக்கத்து மேசைக்காரர் ஹெங்க், ஒருநாள் புது மைக் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "உன்னுடையது கெட்டுவிட்டது போலிருக்கிறது. கேட்டிருக்கலாமே" என்றார். மைக் நன்றாகத்தான் இருக்கிறது, என் அம்மாவுக்குத்தான் காது கேட்காது, அவள் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், நீங்களெல்லாம் வேலை செய்வதால் நான் குரலை விடுவதில்லை என்று விளக்கினேன். ஹெங்க் உருகிப்போனார். மறுநாளே டச்சுச் சைகை மொழி வகுப்புக்கான முகவரி ஒன்றை எனக்கு அனுப்பிவைத்தார், அம்மாவும் வீட்டிலிருந்தபடியே சேரலாமாம். நன்னிலத்துக்குக் கிழக்கே, கோழிக்குத் தவிடு போட்டுக்கொண்டிருக்கும் என் அம்மா டச்சுச் சைகை படிப்பதை நினைத்துப் பார்த்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். இந்த நெதர்லாந்துக்காரர்களோடு சண்டை போட்டுவிடலாம், அவர்கள் செய்யும் உதவியை மறுப்பதுதான் கஷ்டம்.

எனக்குப் பத்து வயதில் அம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. அவளுக்கு மனிதர்கள் என்றால் முகம்தான். மற்ற புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பு ஒரு கூடுதல் வசதி, படம் நின்றாலும் குரல் வரும், சமாளித்துவிடுவார்கள். எங்களுக்குப் படம் நின்றால் எல்லாம் நின்றது. பாதி வாக்கியத்தில் என் வாய் திறந்தபடி உறைந்துவிடும். "என்னடி, ஊமையாயிட்டியா?" என்று அம்மா கைபேசியைத் தட்டுவாள், கிணற்று வாளியைத் தட்டுவதுபோல. அவள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பதில் சொல்வது அவளுக்குப் போய்ச் சேராது. இணையம் யாருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்ற செய்தியை நான் ஏன் தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் படிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

என் பிழைப்பும் அதுதான். ஓர் இணைய நிறுவனத்தில், எந்த வழியாக எவ்வளவு தரவு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. காசு கொடுக்கிற கம்பெனிக்கு வேகம், கொடுக்காதவனுக்கு மெதுவழி என்று பிரிக்கலாமா கூடாதா என்று ஊரிலும் இங்கும் வருடக்கணக்காக விவாதம் நடக்கிறது. தொலைக்காட்சியில் நாலு தலைகள் நாலு கட்டத்துக்குள் இருந்து கத்துகின்றன. எழுதுகிறவர்கள் எல்லோரும் சாலையைத்தான் உவமை சொல்கிறார்கள், விரைவுப்பாதையாம், சுங்கச்சாவடியாம். அவர்கள் யாரும் வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் பிறந்தவர்கள் இல்லை. சாலையில் முன்னால் போகிறவன் சாலையைக் குடித்துவிட மாட்டான். வாய்க்காலில் குடித்துவிடுவான். தலைப்பில் திறந்துவிட்டோம், எல்லோருக்கும் சமம் என்று அறிக்கை விட்டால் போதாது. கடைசி வயல் நனைந்ததா என்று நடந்துபோய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஹெங்க்கிடம் இதைச் சொன்னபோது, "சட்டம்தான் இருக்கிறதே" என்றார். அவர் நாட்டில் தண்ணீர் வாரியத்துக்கு வரி கட்டுகிறார்கள். தண்ணீர் கொண்டுவருவதற்கு இல்லை, இருக்கிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளுவதற்கு. அந்த வரிச்சீட்டு முதல்முறை என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எதற்காக என் அப்பா ஒரு மனிதனின் வரப்பில் போய் நின்றாரோ, அதை இவர்கள் கடலுக்குள் விரட்ட என்னிடம் காசு கேட்கிறார்கள்.

அந்த மனிதன் மேலவீட்டு கோவிந்தராஜு. மரியாதைக்கு இனிமேல் 'அவர்' என்று எழுதுகிறேன், மனதுக்குள் வேறு மாதிரிதான் ஓடுகிறது. எங்கள் ஊர் வாய்க்கால் முதலில் அவர் வயலைத் தொடும், கடைசியில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த வயலைத் தொடும். தொட்டால் உண்டு. ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் குறைந்துபோய், முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று ஊரில் பேசி முடிவானது. எங்கள் முறை வந்த அன்று வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே நடந்தார். கோவிந்தராஜு மணல் மூட்டை போட்டு வாய்க்காலை அடைத்து, ஆயில் இன்ஜின் வைத்து, ஏற்கெனவே முழங்கால் தண்ணீர் நின்ற வயலுக்கு மேலும் இறைத்துக்கொண்டிருந்தார். பயிர் கதிர் கட்டும் நேரம், இன்று பாய்ந்தால் தப்பித்துவிடும் என்று அப்பா கும்பிட்டுச் சொன்னார்.

"கடமடக்காரன் வாய்க்கால நம்பி வெதைக்கக் கூடாதுய்யா. வானத்தப் பாத்து வெதைக்கணும்" என்றார் கோவிந்தராஜு. அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நான் அப்பாவின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பயிர் கருகியது. அறுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, மாட்டை விட்டு மேய்த்தோம். அப்பா அந்த வருடமே குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார், மறுபடி மண்ணைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வார். அம்மாவுக்குப் போன் பயன்படாது. நான் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று அப்பா சொல்வதைக் கேட்டு, வெளியே நிற்கும் அம்மாவுக்கு உதட்டை அசைத்துச் சொல்வேன். புருஷன் பெண்டாட்டி பேச்சு அத்தனையும் ஒரு சின்னப் பெண் வழியாகத்தான் போனது. அவர்கள் எதை எதைப் பேசாமல் விட்டார்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அப்பா திருப்பூர் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினார். நான் படித்தேன். நாடு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட காலம், கம்ப்யூட்டர் படித்தால் பிழைக்கலாம் என்றார்கள், மயிலாடுதுறை, சென்னை என்று நகர்ந்து இங்கே வந்து விழுந்தேன். கோவிந்தராஜு தலைமடையிலேயே இருந்தார். இந்த உலகத்தில் நான் ஒன்றை மறக்கக் கூடாது என்று தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன் என்றால் அது அந்த ஆட்களின் சிரிப்புதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்கு இணையக் கம்பி வந்தது. கொண்டுவந்தவர் கேபிள் டிவி நடத்தும் தாஜுதீன், கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர். மேலத்தெருவில் தொடங்கிக் கீழத்தெருவில் முடிகிற மாதிரி ஒரே இணைப்பை ஊர் முழுக்க இழுத்துவிட்டார். சாயங்காலமானால் மேலத்தெருவில் எல்லோரும் பெரிய டிவியில் படம் பார்ப்பார்கள், கீழத்தெருவில் என் அம்மாவின் முகம் சதுரம் சதுரமாக உடையும். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழியைக் கேட்டால் உலகத்து நிபுணர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கூட்டம் போட்டு, தண்ணீருக்கு வைப்பதுபோலவே முறை வைத்துவிட்டார்கள். விளக்கு வைத்ததிலிருந்து ஒரு மணி நேரம் கீழத்தெருவின் முறை, மேலத்தெருக்காரர்கள் வீட்டு இணையப் பெட்டியை அணைத்துவிட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. வேலையும் செய்தது. எல்லா வீட்டிலும் அணைத்தார்கள். ஒரு வீட்டைத் தவிர.

"மேலவீட்டுக்காரரு அணைக்க மாட்டேங்குறாருக்கா. நான் காசு கட்டுறேன், எனக்கு எவன் முறை வைக்கிறதுன்னு கேக்குறாரு" என்றார் தாஜுதீன் போனில். பிறகு தயங்கித் தயங்கி, "ஊருக்கே பிரிச்சு விடுற மெயின் பொட்டி எனக்குப் பிடிபடலக்கா. பாஸ்வேர்ட அனுப்புறேன், நீங்களே உள்ள பூந்து சரி பண்ணிக் குடுங்களேன்" என்றார்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். பூனை அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே புகுந்தது. என் திரையில் எங்கள் ஊர் விரிந்தது, வயல் வயலாக, வீடு வீடாக. எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தேன். முறையையும் பெட்டிக்குள்ளேயே எழுதிவைத்தேன், இனி யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை. நியாயமான, அழகான வேலை, எந்தப் பரீட்சையிலும் வைக்கலாம். கடைசியாக மேலவீட்டின் மேல் கை வைத்தேன். முழுவதுமாக அடைக்கவில்லை. அடைத்தால் கோபம்தான் வரும், சொட்டவிட்டால் பைத்தியம் பிடிக்கும். செய்தி போகும், படம் வராது. படத்தைத் தொட்டால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும், எந்நேரமும். அன்று இரவு இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஊருக்குத்தான் உபதேசமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆமாம். இங்கே ஒரு வாடிக்கையாளருக்கு அப்படிச் செய்தால் என்னை வேலையை விட்டுத் துரத்துவார்கள், துரத்தவும் வேண்டும். இங்கே சட்டம் இருக்கிறது. அங்கே நான் இருக்கிறேன். தாஜுதீனுக்குத் தெரியாமல் இருக்காது. "மேலவீட்டுப் பக்கம் ஏதோ அடைப்பு போலருக்குக்கா. எனக்கும் வேற வேல நெறைய கெடக்கு, மெதுவா பாத்துக்கலாம்" என்று ஒருநாள் போன் செய்து சொன்னார். கோவிந்தராஜு பெட்டியை மாற்றினார், கம்பியை மாற்றினார், தாஜுதீனை வாய்க்கு வந்தபடி ஏசினார். சிங்கப்பூரில் இருக்கும் மகனையும் பேத்தியையும் பார்க்க முடியவில்லையாம். கேட்கக் கேட்க எனக்கு இனித்தது.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது அவள் தோளுக்குப் பின்னால், எங்கள் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார். வழுக்கையும் பருத்த கண்ணாடியுமாக இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா அது?"

"நம்ம மேலவீட்டுக்காரருடி. அவரு வீட்டுல நெட்டு வரவே மாட்டேங்குதாம். கீழத்தெருவுல நல்லா வருதுன்னு தாஜுதீன் சொன்னானாம். பேத்திய பாக்கணும்னு வந்து நின்னாரு, பாவம்."

"அந்த ஆள எதுக்கு உள்ள விட்ட? அப்பாவ என்ன பண்ணான்னு மறந்துட்டியா?" என்று உதட்டை அகலமாக அசைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டைப் படிப்பவளோடு சண்டை போட முடியாது. அவள் பார்க்காவிட்டால் நீங்கள் பேசவே இல்லை.

தினமும் வந்தார். தலைமடைக்காரர் ஊரைக் கடந்து, கைத்தடி ஊன்றி, கடைமடைக்கு வந்து, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டார். இதைவிட நல்ல தண்டனையை நானே யோசித்திருந்தாலும் கொடுத்திருக்க முடியாது. ஆனால் அதை என்னால் அனுபவிக்க முடியவில்லை, ஏனென்றால் அம்மா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், தூதுவளைத் துவையல் அரைத்துக் கொடுத்தாள், எனக்கான நேரத்தில் பாதியை அவர் பேத்தியைப் பார்த்துச் சிரிப்பதில் செலவழித்தாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலவீட்டு வழியைத் திறந்துவிட்டேன். போய்த் தொலையட்டும், அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்றுதான். மறுநாளும் வந்தார். வீட்டில் இன்னும் சரியாக வரவில்லை என்று அம்மாவிடம் கையைக் கையை ஆட்டிச் சொன்னார். பொய். என் திரையில் அவர் வீட்டில் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் அவர் பேத்தியோடு பேசி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா எனக்கு முகம் கொடுத்து, எதிர்வீட்டு மாடு வைக்கோல் போரை இழுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் முதுகிடம் பேசினார்.

"அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு வந்து கும்புட்டு நின்னப்ப நான் தொறந்து விட்ருக்கணும்மா. ஈரமில்லாம பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவ்வளவு தூரத்திலிருந்து முணுமுணுத்தது கைபேசிக்கு எட்டாது என்று நினைத்தாரோ, எட்டட்டும் என்றுதான் சொன்னாரோ, தெரியவில்லை. ஓர் எழுத்துகூடச் சிதறாமல் வந்து சேர்ந்தது. நான் அசையாமல் இருந்துவிட்டேன்.

"என்னடி, படம் நின்னு போச்சா?" என்றாள் அம்மா. பிறகு என் கண் போன திக்கில் திரும்பிப் பார்த்தாள். அவர் அதற்குள் வாயை மூடிவிட்டார். அம்மா மறுபடி என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

சொன்னால் அம்மா மன்னித்துவிடுவாள். அந்த இடத்திலேயே, தேநீர்க் குவளையைக் கழுவிவைப்பதுபோல மன்னித்துவிடுவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அலுவலகத்தில் குரல் கொடுத்து, அவருக்கும் கேட்கும்படி, உரக்கப் பேசினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா. நெட்டு இன்னும் சரியாகலன்னு சொல்றாரு."

கோவிந்தராஜு தலையை நிமிர்த்தினார். நேராக என்னைப் பார்த்தார். "கவலப்படாதீங்க, அவ பாக்குற வேலையே அதுதான், செஞ்சு குடுத்துருவா" என்று அம்மா அவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு, கைபேசியைச் சொம்பில் சாய்த்துவைத்துத் தேநீர் போட உள்ளே போனாள். என் வீட்டுக் கூடத்தில் அவர் இருந்தார். நான் அலுவலகக் கண்ணாடிச் சன்னல் ஓரத்தில் இருந்தேன். அம்மா வருவதற்காக இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி காத்திருந்தோம். படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை.