பட்டறையில் நிற்காத வண்டி

“படிச்சது வேற, வண்டி வேற பாப்பா. நின்னா துண்ட நனைச்சுப் போடச் சொல்லு, அது போதும்.”

அருப்புக்கோட்டைப் பட்டறைக்காரர் என்னிடம் இப்படிச் சொல்லிவிட்டு என் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது அந்த இரண்டாவது சிரிப்புதான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எலக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்து, பாலவனத்தம் பக்கம் ஒரு நூல் மில்லில் மோட்டார்களையும் பேனல்களையும் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒரு மோட்டார் நின்றால் ஏன் நின்றது என்று சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் நிற்கிற காரைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கக் கூடாது என்றால் எப்படி?

அப்பாவின் கார் என்னைவிட வயதில் மூத்தது. பெட்ரோல் வண்டி. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அதை வாடகைக்கு ஓட்டினார். புது வண்டிகள் வர வர சவாரி குறைந்து, கடைசியில் நிரந்தரமாக ஒரே ஒரு சவாரி மிஞ்சியது. அடுத்த தெரு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸுக்கு அவரை விருதுநகருக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். நேரம் தவறினால் மெஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். அந்தச் சவாரி இருக்கிற நாட்களில்தான் அப்பா காலையிலேயே சவரம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டுவார். மற்ற நாட்களில் அவர் வேறு ஆள் மாதிரி இருப்பார்.

கோளாறு இதுதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டி திடீரென்று அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டது என்று பானெட்டைத் திறந்து, துண்டை நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் போடுவார்கள். அப்பா தோளில் துண்டு போடுவதே அதற்குத்தான் என்று ஊரில் கேலி.

பின் சீட்டில் சாய்ந்தபடி அந்த அக்காவே ஒருமுறை சொன்னார், “பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுவாக. உங்கப்பா இஞ்சினுக்குத் துண்டு போட்டு எனக்கு ஆஸ்பத்திரியில சீட்டுப் பிடிக்காக.”

வண்டியைப் பட்டறையில் விட்டால் நாள் முழுக்க ஓடும், ஒருமுறைகூட நிற்காது. பட்டறைக்காரர் பம்பை மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார். “அண்ணே, வண்டி தங்கம்” என்று அனுப்பிவைத்தார். அந்தத் தங்கம் பந்தல்குடி ரோட்டில் நின்றது.

எனக்கு அது பெட்ரோல் கோளாறாகத் தெரியவில்லை. பெட்ரோல் குறைந்தால் வண்டி இழுத்து இழுத்து, இருமி, அப்புறம்தான் நிற்கும். இது சுவிட்சை அமர்த்திய மாதிரி ஒரே நொடியில் நின்றது. கரண்டு போனால்தான் அப்படி நிற்கும். அதை உறுதி செய்ய, வண்டி நின்ற உடனே, இஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் நின்ற உடனே அப்பா துண்டோடு இறங்கிவிடுவார். தண்ணீர் தேடி நனைத்துப் போட்டு முடிப்பதற்குள் எல்லாம் ஆறிவிடும், வண்டி கிளம்பிவிடும். துண்டு போட்டதால்தான் கிளம்பியது என்று அவர் நம்பிக்கை இன்னும் கெட்டிப்படும்.

“துண்டு போடாம சும்மா நின்னாலும் கிளம்பும்ப்பா.”

“சும்மா நிக்க எனக்கு வேண்டுதலா? பின்னால நோயாளி இருக்குல்ல தாயி?”



ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தேன். உச்சி வெயிலில் இருபுறமும் சீமைக்கருவேலம் தவிர வேறொன்றும் இல்லாத ரோட்டில் வண்டி நின்றது. அப்பாவின் கை தோளுக்குப் போனது. “ஒரு நிமிசம்ப்பா, கெஞ்சிக் கேக்கேன்” என்று இறங்கி ஓடினேன். பிளக்கைக் கழற்றி, வயரோடு இஞ்சின் மேல் படுகிற மாதிரி வைத்து, சாவியைத் திருகச் சொன்னேன். பொறி இல்லை. இஞ்சின் சுற்றியது, பிளக்கு செத்துக் கிடந்தது. காயிலைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. பேட்டரி கரண்டைப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்புகிற உருளை அது. உள்ளே கம்பிச் சுற்று பழுதாகியிருந்தால் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

புதுக் காயில் வாங்கி நானே மாட்டினேன். வண்டி நிற்கவில்லை. விருதுநகர் போனது, வந்தது, மறுபடி போனது. பட்டறைக்காரரை டீக்கடையில் பார்த்தபோது, “காயில்தாண்ணே” என்று மட்டும் சொன்னேன். “ஓடட்டும், பார்ப்போம்” என்றார். அப்பா துண்டை வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு வண்டியெடுக்கத் தொடங்கியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் தினமும் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பாலவனத்தம் தாண்டி வண்டி நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அக்கா உள்ளே இருக்கும்போது. நான் மில்லில் இருந்தேன். அப்பா சொல்லித்தான் தெரியும். துண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டார்கள். படியேற முடியாமல் அக்கா நடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மெஷின் கிடைக்கவில்லை, மறுநாள்தான் கிடைத்தது. அந்த இரவைக் கால் வீங்கி, மூச்சு வாங்க, உட்கார்ந்தபடியே கழித்திருக்கிறார்.

அவர் கணவர் வீட்டுக்கு வந்தார். தறி ஓட்டுகிறவர், கூச்ச சுபாவம். வாசலிலேயே நின்றார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்கிராதீக. இனிமே வேற வண்டி பாத்துக்கிறோம்.”

“அதுதான் சரி. நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றார் அப்பா.

அவர் போன பிறகு அப்பா என்னைத் திட்டியிருக்கலாம். துண்டை எடுத்து வைத்தது அவர், ஆனால் வைக்கச் செய்தது நான். “விட்ரு தாயி. அதுக்கும் வயசாயிருச்சு” என்று மட்டும் சொன்னார். வயசானால் இன்ன இடத்தில் கம்பி விட்டுப்போகும் என்றுதானே இருக்க வேண்டும், சும்மா நிற்குமா என்று கேட்க நினைத்தேன். அன்றிலிருந்து சவரம் இல்லை. சாவி ஆணியில் தொங்குகிறது.

மில்லில் பேனல் முன்னால் நின்றபடி அந்தப் பொறியில்லாத பிளக்கைப் பலமுறை நினைத்துப் பார்த்தேன். பொறி வரவில்லை என்றால் காயில்தான் என்று நான் முடிவுகட்டினேன். காயில் வரைக்கும் கரண்டு வந்ததா என்று பார்க்கவே இல்லை. சாவி சுவிட்சு, அதிலிருந்து வருகிற வயர், டேஷ்போர்டுக்கு அடியில் யார் யாரோ முறுக்கி வைத்த இணைப்புகள், எதில் வேண்டுமானாலும் விட்டுப்போகலாம். எதில் என்று வண்டி நிற்கிற அந்த நேரத்தில்தான் தெரியும். நிற்க வைக்க நான் ஓட்டினால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று ஞாயிறு பெட்ரோல் எரிந்ததுதான் மிச்சம்.

நேற்று தறிக்காரர் மறுபடி வாசலுக்கு வந்தார். நாளைக்கு அக்காவுக்கு டயாலிசிஸ், அன்றைக்கென்று பார்த்து முகூர்த்த நாள். அவர் பிடித்திருந்த வண்டியைக் கல்யாண வீட்டுக்கு எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் கிடைக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “எடுக்க மாட்டேன்ப்பா. நடு ரோட்டுல அந்தப் புள்ளய மறுபடி உக்கார வைக்க மாட்டேன்” என்றார். அவர் போகாமல் நின்றார். “பஸ்ஸுல அவளால முடியாதுண்ணே” என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் நம்பிக்கை எதுவும் இல்லை. வேறு வழி இல்லை என்பது மட்டும் இருந்தது.

சரி என்று சொன்னது நான்தான். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. நாளை அது நிற்காது என்று என்னால் சொல்ல முடியாது. நிற்கும் என்றுதான் தோன்றுகிறது.

மில்லில் லீவு சொல்லிவிட்டேன். முன் சீட்டில் நான் உட்காருகிறேன். காயிலுக்கு வருகிற கரண்டிலிருந்து ஒரு வயர் இழுத்து, ஸ்டியரிங் பக்கத்தில் சின்ன பல்பு ஒன்றைக் கட்டியிருக்கிறேன். வண்டி நிற்கும்போது பல்பும் அணைந்தால், கோளாறு காயிலுக்கு முன்னால். பல்பு எரிந்துகொண்டே வண்டி நின்றால், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அணைந்தால், பழுதான இடத்தைத் தாண்டிப் பேட்டரியிலிருந்து காயிலுக்கு நேராகக் கரண்டு கொடுத்து உடனே கிளம்ப இன்னொரு வயரும் தயார். அதன் ஒரு முனையைச் சாயங்காலமே காயிலில் முறுக்கி, மறுமுனைக்கு டேப் சுற்றி, பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டி வைத்துவிட்டேன்.