என் கார் கியர் பற்றி, வாசகசாலைப் பலகையைப் படிப்போருக்கு

ஸ்டியரிங் பக்கத்துக் கியரை இழுக்க என் கைக்குத் தெம்பில்லை, அதனால்தான் தரைக் கியருக்கு மாற்றுகிறேன் என்று கோயில் வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. தேய்ந்தவை கியர் கம்பிகள், என் கை அல்ல.

பாண்டிச்சேரி பழைய சாமான் கடையில் தரைக் கியர் செட் ஒன்றை நானே பார்த்து வாங்கினேன். என் கணவர் விட்டுப்போன காரில் கடைத்தெரு மெக்கானிக் அதை இன்று காலை மாட்டினார்.

பத்தடி போனதும் இரண்டு கியர் ஒன்றாக விழுந்து, கார் கடைத்தெரு நடுவில் நின்றுவிட்டது.

"போதும் அண்ணி, சாவியக் குடுத்துடுங்க. இனிமே வண்டி என்கிட்டயே இருக்கட்டும்" என்றார் என் கொழுந்தனார், அத்தனை பேர் முன்னால்.

கொடுக்கவில்லை.

செட்டோடு வந்த ஆங்கிலத் தாளைப் படித்தேன். நியூட்ரலில் வைத்து, லீவர் அடியிலுள்ள துளைகள் நேராக நிற்க ஒரு கம்பியைச் செருகிய பிறகுதான் லீவரிலிருந்து கியருக்குப் போகும் ராடுகளை மாட்ட வேண்டும் என்றிருந்தது.

"தாளு இன்னாத்துக்கும்மா? என் கைக்கே தெரியும்" என்றார் மெக்கானிக்.

"உங்கள் கைக்குத் தெரிந்ததுதான் நடுத்தெருவில் நிற்கிறது" என்றேன்.

கான்வென்ட் நாளிலிருந்து என் பையில் இருக்கும் எஃகுப் பின்னல் ஊசி அந்தத் துளைகளுக்குச் சரியாக இருந்தது. ராடுகளை அளந்து மாட்டி, ஊசியை உருவினோம். மூன்று கியரும் ரிவர்ஸும் தனித்தனியாக விழுந்தன.

அனந்தபுரம் வரை ஓட்டிப் போய் வந்தேன். கொழுந்தனார் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

நாளை கோயில் பூசைக்கும் நான்தான் ஓட்டி வருவேன். மறுப்பு உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே, பெயரோடு, பிழையில்லாமல் எழுதவும்.