தங்கை எனக்காகச் சொன்ன பதில்

மெல்பேர்ணுக்கு வந்த மூன்றாம் வருடம் என் குரல் கம்மத் தொடங்கியது. மன்னாரில் இருபத்தைந்து வருடம் வகுப்பறையில் கத்தியதன் பலன் என்றுதான் நினைத்தேன். மூக்கு வழியாகக் கமராவை விட்டுப் பார்த்த டொக்டர், குரல்நாணில் ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார்.

நான் நகரின் புறத்தே மல்கிரேவில் தங்கையோடு இருந்தேன். என் ஆங்கிலம் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது தங்கை மறுத்துவிட்டாள். "நான் இருக்கிறன்தானே அக்கா."

சத்திரசிகிச்சைக்கு நாலு நாள் முன்பு எனக்குத் தடிமன் பிடித்தது. மஞ்சளாகச் சளி, இருமல், கூடவே காய்ச்சல். சத்திரசிகிச்சை அன்று காலை, மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். இளம் பெண்.

"தடிமனையும் காய்ச்சலையும் மறக்காமல் சொல்லு," என்றேன் தங்கையிடம்.

அவள் தலையாட்டிவிட்டு நீளமாக ஏதோ சொன்னாள். டொக்டர் எழுதிக்கொண்டார்.

"சொல்லிட்டன். ஒண்டும் பிரச்சினை இல்லையாம்."

கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. வாய்க்குள் குழாய். எனக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

குழாயை எடுத்த மறுநாள் அதே டொக்டர் வந்தார். தங்கை வேலைக்குப் போயிருந்தாள். டொக்டர் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். இந்தியத் தமிழ் பேசும் பெண்குரல்.

"மயக்கம் தெளியிற நேரத்துல உங்க தொண்டை இறுக மூடிக்கிச்சும்மா. மூச்சை இழுக்க நீங்க போராடினதுல நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். தொண்டையில கட்டி இருக்கிறவங்களுக்கு, அதோட சளியும் இருந்தா, இந்த ஆபத்து கூடுமாம். உங்களுக்கு சளி, காய்ச்சல் இருந்துச்சான்னு கேக்குறாங்க."

"ஓம். அண்டைக்கே சொன்னனான்," என்றேன். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

டொக்டர் குறிப்பைப் பார்த்தார். போனில் குரல் சற்றுத் தயங்கியது. "இருமல் கட்டியால வர்ற பழைய இருமல், காய்ச்சல் இல்லைன்னு உங்க தங்கச்சி சொன்னதா எழுதியிருக்காம். தெரிஞ்சிருந்தா சில வாரம் தள்ளிப் போட்டிருப்பாங்களாம்."

சத்திரசிகிச்சை அன்று வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது தங்கை தந்த இரண்டு பனடோல் குளிசைகள் நினைவுக்கு வந்தன. ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்க்கும்போது என் உடம்பு சுடக்கூடாது என்றுதான் தந்திருக்கிறாள்.

பின்னேரம் சூப்போடு வந்தாள்.

"ஏன் சொல்லேல்லை?"

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. "தள்ளிப் போட்டிருப்பினம் அக்கா. பிறகு எத்தனை மாசம் காத்திருக்கிறது? கான்சர் எண்டா என்ன செய்யிறது? அந்தப் பயத்திலதான்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம். மூச்சு என்ர மூச்செல்லோ."

அவள் அழுதாள். சின்ன வயதிலிருந்தே அவள் அழுதால் முதலில் ஓடுவது நான்தான். அன்று கையைக்கூடப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. கட்டியை முதலில் பார்த்த டொக்டர் சொல்லச் சொல்ல, "கான்சர் இல்லையாம் அக்கா," என்று என் தோளைப் பிடித்தாள் தங்கை. நான் டொக்டரைப் பார்த்து, மேசையிலிருந்த போனைக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார். முன்பின் தெரியாத அந்தக் குரலிடம் இரண்டு தரம் கேட்டு நான் உறுதிப்படுத்தும்வரை, தங்கை பக்கத்திலேயே நின்றாள்.